கறுப்புத் தக்காளி

"அசையாதீங்க!"

குரல் கேட்டதும் தெரு அப்படியே நின்றது. காய்கறிக்காரி தராசைத் தூக்கிய கையோடு நின்றாள். சைக்கிளில் வந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி மூச்சை அடக்கினார். முடிவெட்டும் கடையில் கத்தரி வாயைப் பிளந்தபடி நின்றது. கடைவாசலில் படுத்திருந்த நாய்கூடச் சொறிவதைப் பாதியில் விட்டுவிட்டது. அண்ணியோடு நடந்து வந்த, கொசு என்று ஊர் கூப்பிடும் இளைஞனுக்கு மட்டும் நேரம் சரியில்லை. சேற்றுக்குட்டையைத் தாண்ட வலது காலைத் தூக்கிய நொடியில்தான் அந்தக் குரல் வந்து தொலைத்தது.

"அண்ணி, நான் விழப்போறேன்."

"விழு. ஆனா அசையாம விழு," என்றாள் அண்ணி, உதடு பிரியாமல்.

தெருமுனையில் முக்காலி மேல் கேமராவை நிறுத்தி, கைக்கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார் புகைப்படக்காரர். ஊரில் அவருக்குச் சிக்கனம் என்று பெயர். பழைய ஊர் முழுவதையும் அருங்காட்சியகத்துக்காகக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து வருகிறார். அவர் போடும் ஃபிலிம் உலகத்திலேயே மலிவானது. மலிவு என்பதால் மந்தம். ஒரு படம் விழ, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு முடிக்கும் நேரமாவது ஆகும். அதற்குள் யாராவது நகர்ந்தால் படத்தில் புகையாகப் போய்விடுவார்கள். அதனால் ஊரையே பழக்கி வைத்திருந்தார். அவர் "அசையாதீங்க" என்றால் கடன்காரனும் கடன் கொடுத்தவனும் பக்கத்தில் பக்கத்தில் சிலையாக நிற்பார்கள்.

"ஆச்சு!"

தெருவுக்கு உயிர் வந்தது. கொசு குட்டைக்குள் இறங்கினான்.

கொசு என்பவன் அண்ணியின் வீட்டுக்காரருக்குத் தம்பி. வேலை போன கையோடு இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு உதவியாளனாகி நிரந்தரமாகத் தங்கிவிட்டான். எந்நேரமும் காதருகில் ரீங்காரம் போடுவதால் அந்தப் பெயர். அண்ணி அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். தன் கடைக்குத் தானே தீ வைத்தவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கொசு கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. காவல் நிலையத்திலும் அப்படித்தான்.

இன்றைய வழக்கு காலையில் வீடு தேடி வந்தது. வெண்கலம் வந்திருந்தாள். பழைய ஊருக்கு வருகிறவர்களை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவள். ஒலிபெருக்கி இல்லாமலே கோட்டைச் சுவரின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். அவள் அழவில்லை, கத்தினாள்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கோட்டைக் கதவின் சாவியைக் காணோம். முழங்கை நீளச் சாவி. ஊருக்கே அதுதான் பெருமை. காணாமல் போன அன்று நல்ல மழை. அன்றைக்குச் சிக்கனம் எடுத்த ஒரு படத்தில், அருங்காட்சியகத்தின் பின்வாசலில் கறுப்பு மழைக்கோட்டும் தலைமூடியுமாக ஓர் ஆள். கக்கத்தில் துணி சுற்றிய நீளமான பொட்டலம். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் கறுப்பு மழைக்கோட்டு உள்ளவள் வெண்கலம் ஒருத்திதான். இன்று மாலை, ஊரைப் பாரம்பரிய ஊராக அறிவிக்கலாமா என்று பார்க்க மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் அவள் உடையில் குத்தியிருக்கும் வழிகாட்டி வில்லையைப் பறித்துவிட்டுக் காவல் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று நகரசபைச் செயலர் ஒற்றைக்காலில் நிற்கிறார். வில்லை போனால் இந்த ஊரில் எந்தச் சுவருக்கு முன்னாலும் அவள் வாய் திறக்க முடியாது. திருடி என்ற பெயரோடு வேறு எந்த ஊரிலும் திறக்க முடியாது.

"காசு எதுவும் வேணாம், நாங்க பார்த்துக்கறோம்," என்று அண்ணி வாய் திறப்பதற்கு முன்பே கொசு சொல்லிவிட்டான்.

வெண்கலம் போன பிறகு அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் பாக்கெட்லேருந்து எடுத்துக் கொடுக்கற மாதிரி சொன்னியே."

"பாவம் அண்ணி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடக்கூடாது இல்ல?"

"அது சரி. போன மாசம் அந்த மாவு மில்லுக்காரர் அழுதுக்கிட்டு வந்தப்ப இந்தப் பாவம் எங்க போச்சு?"

கொசு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வேலை இல்லாத மதியங்களில் அவள் அழைத்துப் போகும் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரே கோட்டைச் சுவரைப் பலமுறை பார்த்திருக்கிறான். அது அண்ணிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

தெருவில் படம் எடுத்து முடித்ததும் சிக்கனம் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கூடம் முழுக்கக் கயிறு கட்டித் துணி உலர்த்துவது போலப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். மாலைக் கண்காட்சிக்கு வேண்டியவை. குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. கொசுவின் வாய் சும்மா இருக்குமா?

"என்ன சார், இந்தம்மா கடையில கரியைக் கூறு போட்டு விக்கிறாங்க?"

"அது தக்காளி தம்பி."

"கறுப்புத் தக்காளியா? ஊரெல்லாம் இதைத்தான் திங்கறோமா? இது யாரு, செயலர் சார் வீட்டம்மாவா? மைக்கூட்டைக் கவுத்துக் குடிச்ச மாதிரி உதடு!"

சிக்கனம் சங்கடமாக நெளிந்தார். "அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. மழை நாள் வெளிச்சம் அப்படி. நான் கல்லையும் சுவரையும் எடுக்கறவன், ஆளுங்க எப்படி விழறாங்கன்னு கவலைப்படறது இல்லை."

"தெருப் பலகையில ஒரு எழுத்தும் இல்லையே? வெறும் வெள்ளையா இருக்கு."

"அது ஏனோ விழ மாட்டேங்குது. படத்துக்குக் கீழ நானே தெருப் பேரைக் கையால எழுதிடறேன்."

கொசு ஒவ்வொரு படத்திலும் வெண்கலத்தைத் தேடினான். அவள் எந்நேரமும் தெருவில் இருப்பவள். ஆனால் எதிலும் அவள் முகம் இல்லை. மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு புகைக்கோடு, கோட்டைப் படியில் இன்னொன்று. அவை அவள்தான் என்றார் சிக்கனம். கூட்டத்தை இழுத்துக்கொண்டு போகிறவள் யார் சொன்னாலும் நிற்க மாட்டாளாம். "அசையாதீங்கன்னா, நீங்க வேணா அசையாதீங்கன்னு திருப்பிச் சொல்லிட்டுப் போவா," என்று அலுத்துக்கொண்டார். அவளுக்கு நேர் எதிர் அருங்காட்சியகக் காப்பாளர். பாதிப் படங்களில் அவர் இருந்தார். கிணற்றடியானாலும் கல்லறையானாலும் ஓரத்தில் வலது காலை முன்னே வைத்து, இடது கைக் கட்டைவிரலைக் கோட்டுக்குள் செருகி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இவரை வாடகைக்கு எடுத்தீங்களா?" என்றான் கொசு.

"கேமராவைப் பார்த்தா தானா வந்து நிப்பாரு. ஃபிலிம் வீணாகுதேன்னு எனக்கு வயிறு எரியும்."

அண்ணி கடைசிக் கயிற்றில் தொங்கிய படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். பின்வாசல் படம். மழையில் பளபளக்கும் கற்கள், பாதி திறந்த கதவு, நடுவில் கரிக்கட்டை போல அந்த ஆள். கோட்டின் மடிப்பும் பொட்டலத்தின் முடிச்சும் துல்லியமாக விழுந்திருந்தன.

"எடுத்தப்ப ஆளைப் பார்க்கலையா?" என்று கேட்டாள் அண்ணி.

"எங்க பார்க்கறது? குடையைக் கேமராவுக்குப் பிடிச்சேன், எனக்குப் பிடிக்கலை. மூக்குக்கண்ணாடி பூரா தண்ணி. பழக்கத்துல அசையாதீங்கன்னு கத்திட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தா யாரும் இல்லை. கழுவின பிறகுதான் ஆள் இருக்கறதே தெரிஞ்சுது. அண்ணி, ஒரு ரோலு கழுவணும், கலக்கின மருந்து கெட்டுடும். பேசிக்கிட்டே வாங்க."

அவருடைய இருட்டறை உண்மையில் குளியலறை. சன்னலைக் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்திருந்தார். கொசு வாசலிலேயே தயங்கினான். உள்ளே சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சிக்கனம் நீளமான ஃபிலிமின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்த மருந்துக்குள் ஊஞ்சல் ஆட்டுவது போல ஏற்றி இறக்கினார்.

"ஃபிலிம்ல வெளிச்சம் பட்டாக் கெட்டுப்போயிடாது?" என்றாள் அண்ணி.

"மத்த ஃபிலிம்னா கெடும். அதையெல்லாம் கும்மிருட்டுல தடவித் தடவித்தான் கழுவணும். இது அச்சாபீஸ்ல எழுத்தைப் படம் பிடிக்க வெச்சிருந்தது. ஆபீஸை மூடினப்ப மூட்டையா அள்ளிட்டு வந்துட்டேன். நானே வெட்டிப் பழைய டப்பாவுல சுத்திப் போட்டுக்கறேன். இதுக்குச் சிவப்பு வெளிச்சமே தெரியாது. பல்பு பாட்டுக்கு எரியும், இது பாட்டுக்கு ஊறும். வசதி பாருங்க."

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். யாரும் அசையாதீங்க என்று சொல்லவில்லை.

"சிவப்பு தெரியாது," என்றாள் மெதுவாக.

"சுத்தமாத் தெரியாது."

"ஃபிலிம் எதைப் பார்க்கலையோ, அது படத்துல என்னவா விழும்?"

"என்னவா விழும், கறுப்பாத்தான் விழும்." சொல்லிவிட்டுச் சிக்கனம் அடுத்த சுற்று ஃபிலிமை ஏற்றினார். பாதியில் கை நின்றது. அவர் வாய் மெல்லத் திறந்தது. ஃபிலிம் நழுவித் தட்டில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சார், தக்காளி!" என்று கத்தினான் கொசு.

"தக்காளி," என்றார் சிக்கனம். "அந்தம்மா உதடு. அட கடவுளே. இத்தனை நாளா மருந்து சரியில்லைன்னு மருந்துக்காரனைத் திட்டிட்டேனே!"

"திட்டினதை அப்புறம் திருப்பி வாங்கிக்கலாம்," என்றாள் அண்ணி. "பல்பு சிவப்பா இருந்தா பார்க்காத ஃபிலிம், கோட்டு சிவப்பா இருந்தா மட்டும் பார்க்குமா? கொசு, அந்தக் கடைசிப் படத்தை எடு. தக்காளி, உதடு, தெருப் பலகை எல்லாத்தையும் எடு. காப்பாளர் நிக்கிற படம் ரெண்டு எடு."

அள்ளிக்கொண்டு வந்தபோது அண்ணி இன்னொரு படத்தில் மூக்கு படும்படி நின்றிருந்தாள். கோட்டைக் கதவு. 'சாவிப் பெட்டிக்கு எதிர்ச் சுவர்' என்று கீழே எழுதியிருந்தது. இந்த ஃபிலிம் மந்தமே தவிரக் கண் கூர்மை. கதவின் ஒவ்வொரு ஆணியும், மரத்தின் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணிவிடலாம் போல இருந்தன. அண்ணி மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ ஒருவருக்குக் கெட்ட காலம் என்று கொசுவுக்குத் தெரியும்.

"இதையும் எடு. சார், உங்ககிட்ட உடைஞ்ச முக்காலிக் கால் ஏதாவது கிடக்கா?"

சிக்கனம் எதையும் தூக்கிப் போடாதவர். பரணிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். அண்ணி அதை ஒரு பழைய துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொசுவின் கக்கத்தில் செருகினாள்.

"எதுக்கு அண்ணி?"

"குழந்தை மாதிரி பிடிச்சுக்கோ. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே."

"சுவாசிக்கலாமா?"

"மூக்கால."

அருங்காட்சியகக் கூடத்தில் காலியான கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் மேசை. மேசை மேல் வெண்கலத்தின் வில்லை. அதைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கோபத்தில் கண் சிவந்திருந்தது. அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அதைப் பார்த்ததும் கொசு பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

செயலர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மேடம், குழு ஊர் எல்லைக்கு வந்தாச்சாம். சீக்கிரம் சொல்லுங்க."

"எனக்கும் வருத்தம்தான்," என்றார் காப்பாளர். வலது காலை முன்னே வைத்து, கட்டைவிரலைக் கோட்டுக்குள் செருகியிருந்தார். "நல்லாத்தான் பழகினா. ஆனா படம் பொய் சொல்லுமா?"

"படம் பொய் சொல்லாது. பார்க்கறவங்கதான் தப்பாப் படிப்பாங்க," என்ற அண்ணி பின்வாசல் படத்தை மேசையில் வைத்தாள். "நகரசபை வெண்கலத்துக்குக் கொடுத்த மழைக்கோட்டு எப்படி இருக்கும் சார்?"

"கறுப்பு. தோளைச் சுத்தி அகலமா ஒரு நீலப் பட்டை," என்றார் செயலர்.

"இதுல பட்டை இல்லையே."

"கறுப்பு வெள்ளைப் படம் மேடம். நீலமும் கறுப்போட கறுப்பாப் போயிருக்கும்."

அண்ணி தெருப் பலகைப் படத்தை எடுத்து நீட்டினாள். "சன்னலைத் திறந்து அந்தப் பலகையைப் பாருங்க. நீலத்துல வெள்ளை எழுத்து. இதே ஃபிலிம்ல என்ன ஆச்சு? நீலமும் வெள்ளையும் ஒண்ணாயிடுச்சு, எழுத்தே காணோம். வெண்கலத்தோட கோட்டா இருந்தா தோள் மேல வெள்ளைப் பட்டை பளிச்சுனு விழுந்திருக்கும். இங்க துளி வெள்ளை இல்லை."

செயலர் சன்னலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொசு வாய் திறக்கக் கூடாது என்பதால் வெண்கலத்தைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினான். அவள் கையின் கட்டு கொஞ்சம் தளர்ந்தது.

"இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பு. இது தக்காளி. இது உங்க வீட்டம்மா."

படத்தைப் பார்த்ததும் செயலரின் முகம் மாறியது. "இந்தப் படத்தால என் வீட்டுல அடுப்பே எரியலை மேடம்! அப்ப இது அவ உதட்டுச் சாயத்தோட தப்பு இல்லையா?"

"இல்லை. போய்ச் சமாதானம் சொல்லுங்க. இப்ப இந்த ஆளைப் பாருங்க. இது கறுப்புக் கோட்டு இல்லை, சிவப்புக் கோட்டு. இந்தக் கட்டடத்துல சிவப்பு மழைக்கோட்டு யாரோடது?"

எல்லோரும் காப்பாளரின் அறைக்கதவைப் பார்த்தார்கள். உள்ளே ஆணியில் பழுத்த மிளகாய் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு தொங்கியது.

காப்பாளர் அசரவில்லை. சிரித்தார். "என் கோட்டுதான். அதுக்கென்ன? ஆணியில தொங்கற கோட்டை யார் வேணும்னாலும் மாட்டிக்கலாம். தன் கோட்டைப் போட்டா மாட்டிக்குவோம்னு என் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிருப்பா. இவ கெட்டிக்காரி."

"நான் உங்க கோட்டைத் தொட்டதே இல்லை!" வெண்கலத்தின் குரல் கண்ணாடிப் பெட்டியை அதிர வைத்தது.

செயலர் தலையைச் சொறிந்தார். "அதுவும் நடக்கக்கூடியதுதானே மேடம்." அவர் கை வில்லையை மேசையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப்பையை நோக்கிப் போனது. கொசுவுக்கு அந்த ஆளின் கையைக் கடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. கரைக்கு வந்த தோணியைக் காலால் உதைத்துவிட்டாரே!

அண்ணி மட்டும் பெருமூச்சு விட்டு, தோற்றுப்போனவளைப் போலத் தலையை ஆட்டினாள். "நடக்கக்கூடியதுதான். யார் எடுத்தாங்கன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியலை. போகட்டும், சாவி கிடைச்சுடுச்சு. அது போதும்."

செயலரின் கை சட்டைப்பை அருகிலேயே நின்றது.

"கிடைச்சுடுச்சா?" செயலர் துள்ளினார்.

அண்ணி கொசுவின் கக்கத்தைக் காட்டினாள். கொசு பொட்டலத்தைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டான்.

"குழு வந்ததும் நேரா கோட்டைக் கதவுக்குப் போயிடுவோம். எல்லாருக்கும் முன்னால சாவியைக் கதவுல போட்டுத் திருப்பிக் காட்டிடலாம். ஊர் மானமும் நிமிர்ந்துடும். என்ன சார்?"

"பிரமாதம்!" என்றார் செயலர்.

"வேண்டாம்!" என்றார் காப்பாளர்.

செருகியிருந்த கட்டைவிரல் எப்போது வெளியே வந்ததோ தெரியாது. ஒரே பாய்ச்சலில் வந்து பொட்டலத்தைப் பிடுங்கினார். கொசு விடவில்லை. இருவரும் இழுத்த இழுப்பில் துண்டு அவிழ்ந்தது. முக்காலிக் கால் தரையில் விழுந்து உருண்டது.

காப்பாளர் அதைக் குனிந்து பார்த்தார். "இது சாவி இல்லையே. சாவி என் வீட்டு மெத்தைக்கு அடியில..."

தவளை தன் வாயால் கெடும். காப்பாளர் வாயை மூடிக்கொண்டார், ஆனால் மூட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. செயலர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"தொலைஞ்ச சாவி கிடைச்சா காப்பாளர் குதிக்கணும்," என்றாள் அண்ணி. "ஏன் வேண்டாம்னு கத்தினார்? இதைப் பாருங்க." கோட்டைக் கதவுப் படத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "சார், இந்தக் கதவுல சாவியை எங்க போடுவீங்க?"

செயலர் குனிந்தார். கொசுவும் குனிந்தான். வெண்கலம் இரண்டு பேரையும் தள்ளிவிட்டுக் குனிந்தாள். ஆணிகள் இருந்தன, இரும்புப் பட்டைகள் இருந்தன, கரையான் அரித்த கோடுகூட இருந்தது. சாவித் துவாரம் மட்டும் இல்லை. தினமும் ஊரே அந்தக் கதவைத் தாண்டிப் போகிறது. ஒருவரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை. சாவிதான் இருக்கிறதே, துவாரம் இல்லாமலா போகும்?

"சாவிப் பெட்டிக்கு எதிர்ச் சுவர்ல மாட்டணும்னு இந்தப் படத்தைச் சிக்கனம் சார் இந்த வாரம்தான் உங்ககிட்ட காட்டினார். இல்லையா?" என்றாள் அண்ணி காப்பாளரிடம். "முதல்ல பார்த்தவர் நீங்க. குழுவுல வர்றவங்க விஷயம் தெரிஞ்சவங்க. இந்தப் பக்கம் சாவி, அந்தப் பக்கம் துவாரமில்லாத கதவு. உங்க குட்டு அங்கேயே உடைஞ்சிருக்கும். அதனால சாவி திருட்டுப் போகணும்."

"நான் மாட்டிக்கிட்டேன், சரி," என்றார் காப்பாளர். "எனக்கு ஒரு சந்தேகம். என் கோட்டுதான்னு கண்டுபிடிச்சீங்க, நான்தான்னு எப்படி?"

"திருட்டுச் சாமானைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, அசையாதீங்கன்னதும் நின்னீங்க பாருங்க. வெண்கலம் எந்தப் படத்துலயும் நின்னதில்லை, எல்லாத்துலயும் புகைதான். நின்னதோட விட்டீங்களா?" மூன்று படங்களை வரிசையாக வைத்தாள். கிணற்றடியில் காப்பாளர், கல்லறையில் காப்பாளர், பின்வாசலில் முகமில்லாத ஆள். மூன்றிலும் வலது கால் முன்னே. மூன்றிலும் இடது கைக் கட்டைவிரல் கோட்டுக்குள்.

"களவுக்குப் போறப்பகூட போஸா சார்?" கொசுவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

காப்பாளர் சுவரில் சாய்ந்தார். அருங்காட்சியகம் திறந்த புதிதில் உடைந்த ஓடுகளைத் தவிரக் காட்ட ஒன்றும் இல்லையாம். ஈ காக்கை வரவில்லை. ஒரு கொல்லரிடம் சாவி அடித்து, உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டுத் துருப்பிடிக்க வைத்தாராம். அதன் பிறகுதான் கூட்டம் வந்ததாம். "ஊருக்காகத்தான் செஞ்சேன். சாவியை எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு நினைச்சேன். அப்புறம் அந்தப் படம் வந்துச்சு. செத்தேன்னு நினைச்சேன். பார்த்தா கோட்டு கறுப்பா இருந்துச்சு. எனக்கே புரியலை. யாரோ வெண்கலம்னு சொன்னாங்க..."

"யாரோவா? நீங்கதானய்யா முதல்ல சொன்னீங்க!" என்றார் செயலர்.

வெண்கலம் அவர் அருகில் போனாள். அடிப்பாளோ என்று கொசு பயந்தான், கொஞ்சம் ஆசையும் பட்டான். ஆனால் அவள் கேட்டது வேறு.

"காவல்காரன் சாவியைக் கிணத்துல போட்டுட்டு எதிரிகிட்ட உயிரை விட்டான்னு ஒரு கதை எழுதிக் கொடுத்தீங்களே. அது?"

"நான்தான் யோசிச்சு எழுதினேன்."

"அதைச் சொல்றப்பெல்லாம் எனக்கு நிஜமாவே அழுகை வரும்," என்றாள் அவள். திருடி என்றபோது வராத கண்ணீர் இப்போதுதான் வந்தது. கொசு அவிழ்ந்து கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். அவன் வாயில் ஒரு நகைச்சுவையும் வராத நேரம் அது ஒன்றுதான்.

வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செயலர் துள்ளி எழுந்து வில்லையை வெண்கலத்தின் கையில் வைத்து மூடினார். "தப்பு நடந்துடுச்சும்மா. மனசுல வெச்சுக்காதே. சாவியைச் சுத்தம் பண்ண அனுப்பியிருக்குன்னு மட்டும் சொல்லிடு. இப்ப ஊரே உன் வாயிலதான் இருக்கு." காப்பாளர் கைகூப்பினார்.

அவள் வில்லையைத் தானே குத்திக்கொண்டாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு வெளியே போனாள்.

குழுத் தலைவி நரைத்த தலையோடு, எதையும் தொட்டுப் பார்க்கும் ரகம். கோட்டைக் கதவுக்கு முன்னால் வந்ததும் ஆணிகளைத் தடவினார். பின்னால் ஊரே கூடியிருந்தது. சிக்கனம் வந்திருந்தார், காய்கறிக்காரி வந்திருந்தாள். செயலர் அண்ணியின் காதில், "சொல்லிடுவாளா மேடம்?" என்றார். அண்ணி, "அவ வாய்க்கு நான் பொறுப்பு இல்லை," என்றாள்.

"ஒரு சாவி இருக்கறதாப் படிச்சேனே?" என்றார் தலைவி.

வெண்கலத்தின் குரல் சுவரின் அந்தக் கோடி வரை போனது. "இந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதுங்க. உள்ளேருந்து குறுக்குக்கட்டை போடுவாங்க, அவ்வளவுதான். இருந்தது பொய்ச் சாவி. நீங்க வர்றதுக்கு முன்னாடி அதைக் கண்ணாடிப் பெட்டியிலேருந்து எடுத்து வெளியே கொண்டுபோனவர் இவர்தான்." காப்பாளரைக் கை காட்டினாள்.

கூட்டம் முணுமுணுத்தது. ஒரு சொல் பொய் இல்லை. தலைவி மகிழ்ந்துபோய்க் காப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தன் காட்சிப் பொருளே போலின்னு தெரிஞ்சதும் எடுத்துடற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா இதைப் பாரம்பரிய ஊர்னு நம்பி எழுதலாம்."

காப்பாளர் சிரிக்க முயன்றார். முகம் கோணியது. எல்லோரும் கை தட்டினார்கள். வெண்கலம் தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்குத் திருடன் என்றே சொல்லியிருக்கலாம், பாராட்டியே அடிக்கிறாளே என்று கொசு நினைத்தான்.

"அம்மா, நிறுத்துங்க," என்றார் காப்பாளர். கையை உருவிக்கொண்டார். "அந்தச் சாவியைச் செய்ய வெச்சது நான். மாட்டிக்குவேன்னு பயந்து திருடினதும் நான். பழியை இந்தப் பொண்ணு மேல போட்டதும் நான்தான். இவ எதையும் எடுக்கலை." கடைசி வரியைக் கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

தலைவி இருவரையும் பார்த்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவின் பக்கம் திரும்பி, "குறுக்குக்கட்டை எங்க போடுவாங்கன்னு சொன்னே?" என்று வெண்கலத்தைக் கேட்டார்.

"இப்படி உள்ளே வாங்க, காட்டறேன். எல்லாரும் வரலாம்."

அவள் முன்னால் நடந்தாள். குழுவும் ஊரும் பின்னால் போயின. கதவிடுக்கில் நுழையும்போது திரும்பி, "படி உடைஞ்சிருக்கு, பார்த்து வாங்க," என்றாள்.

"என்னைத்தானே சொன்னா அண்ணி?" என்றான் கொசு.

"ஊரையே சொன்னா. நீ ஊர்ல இல்லையா? போ."